ஒரே ஓவியம் போதும்

வணக்கம் ஆசிரியரே. லண்டனிலிருந்து தொலைவில் உள்ள தொடக்கப்பள்ளியில் பணிபுரிவதாகவும், பேருந்துச் செலவு கட்டுப்படியாகாததால் பிள்ளைகளை லண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்கு (நேஷனல் கேலரி) அழைத்துச் செல்ல இயலவில்லை என்றும், ஓவியப் பயிற்சி இல்லாத தாங்கள் எப்படித் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். 1995 முதல் அக்கூடம் நடத்திவரும் ‘டேக் ஒன் பிக்சர்’ திட்டம் உங்களைப் போன்றோருக்கானதே. ஒரே ஓவியத்தை எடுத்துக்கொண்டு அறிவியல், வரலாறு, கணிதம் என எல்லாப் பாடங்களையும் அதனோடு இணைக்க அது வழிகாட்டுகிறது, பிள்ளைகளின் படைப்புகளில் தேர்ந்தவை பின்னர் அக்கூடத்திலேயே காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

அத்திட்டத்தில் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆங்கிலேய ஓவியர் டர்னர் 1844இல் காட்சிக்கு வைத்த ‘மழை, நீராவி, வேகம்’ ஓவியத்தைக் கூடத்தின் இணையதளத்தில் திறந்து, வகுப்புத் திரையில் பெரிதாக்கிக் காட்டுங்கள். தேம்ஸ் நதிமேல் மெய்டன்ஹெட் பாலத்தில் விரைந்துவரும் ரயிலுக்கு முன்னால் ஒரு முயல் ஓடுகிறது. வண்ணம் மங்கிவிட்டதால் அது எளிதில் புலப்படாது. அதைத் தாங்கள் சுட்டிக்காட்டாமல் பிள்ளைகளையே தேடவிடுங்கள். ஓவியரின் வாழ்க்கை வரலாறெல்லாம் (அதில்தான் நம்மில் பலர் பாதி வகுப்பைச் செலவிடுகிறோம்) பிறகு வரட்டும். நீராவி இயந்திரம், வேகக் கணக்கு, அக்கால ரயில்பாதைகள் ஆகியவை அவர்களுடைய கேள்விகளிலிருந்தே கிளைக்கும். நேரில் செல்ல வாய்த்தால், நுழைவுக்குக் கட்டணமில்லை. பள்ளிக் குழுவாகச் செல்வதற்கு மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.