நாட்டு நாயை வைத்துக்கொண்டு அஜிலிட்டி போட்டிக்குப் போக முடியுமா?

அஜிலிட்டி என்பது ஆள் கூட ஓடி வழிகாட்ட, நாய் தடைகளைத் தாண்டியும் நுழைந்தும் ஓடும் விளையாட்டு. கேள்வி கேட்டவர் கேரள எல்லையில் இருக்கிறார். வீட்டில் ஏற்கெனவே ஒரு தெரு நாய் உண்டு. இருந்தாலும் போட்டிக்கென்று ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கலாமா என்று யோசிக்கிறார். பக்கத்தில் பயிற்சி மையம் எதுவும் இல்லை, தோப்பில் வைத்தே பழக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

தோப்பிலேயே பழக்கலாம். சிப்பிப்பாறை வேண்டாம், வீட்டில் இருக்கும் நாயே போதும். நானும் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம்தான், தென்னந்தோப்பில்தான் ஓடுகிறோம். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ஓட்டத்துக்கு நாய் என்றால் எல்லோரும் சிப்பிப்பாறை அல்லது கன்னி என்பார்கள். வேகத்தில் அவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அஜிலிட்டி நேராக ஓடும் பந்தயம் இல்லை. சுமார் இருபது தடைகள் இருக்கும். இரண்டு மூன்று பாய்ச்சலுக்கு ஒருமுறை திரும்ப வேண்டும், திரும்பும்போதெல்லாம் அடுத்தது எது என்று கூட ஓடுகிற ஆளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் இரையைக் கண்ணால் கண்டு துரத்துவதற்காக வளர்க்கப்பட்டவை. முயல் கிளம்பிய பிறகு ஆளைத் திரும்பிப் பார்க்கிற நாய் வேட்டைக்கு ஆகாது. அப்படிப் பார்க்காத நாய்களையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் சேர்த்திருக்கிறார்கள். என் மச்சான் வீட்டுக் கன்னி முதல் மூன்று தடையை அம்பு மாதிரி தாண்டும். அதற்குள் தோப்பில் ஒரு மயில் அகவினால் போச்சு, வாய்க்காலைத் தாண்டி அடுத்த தோப்புக்குப் போய்விடும். மச்சானும் கூப்பிட மாட்டார். "வர்றப்ப வரும் விடுங்க" என்று வரப்பில் உட்கார்ந்து பீடி பற்ற வைப்பார்.

என்னிடம் இருப்பது செம்பி. கள்ளுஷாப்பு வாசலில் பிறந்து வளர்ந்தவள். எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், கள்ளுஷாப்பு உண்டு என்பதால் இங்கே இப்படி வளர்ந்த நாய்கள் நிறைய. எந்த மேஜைக்காரர் மீன் முள்ளைப் போடப் போகிறார், எவர் எட்டி உதைக்கப் போகிறார் என்பதை அவர்கள் கை கால் அசைவதற்கு முன்பே தெரிந்துகொண்டு பிழைத்த நாய் அது. லேசாகத் தோள் திரும்பினால் போதும், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று அதற்குத் தெரியும். அஜிலிட்டிக்கு வேண்டியதில் பாதி இது. மீதியைப் பழக்கிக்கொள்ளலாம். ஆளைப் பார்க்காத நாயைப் பார்க்க வைப்பதுதான் பெரும்பாடு.

உங்கள் நாய் எப்படி என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். வேலி போட்ட இடத்தில் சங்கிலியைக் கழற்றிவிட்டு ஒன்றும் பேசாமல் நடங்கள். திடீரென்று திசை மாறுங்கள். நாய் மோப்பத்தை விட்டுவிட்டு உங்கள் பின்னால் வந்தால் அது தேறும். திரும்பியே பார்க்காவிட்டாலும் விட்டுவிட வேண்டாம், ஆனால் மாதக் கணக்கில் கூடுதலாக ஆகும்.

வெளிநாட்டுப் போட்டிகளில் பார்டர் கோலி இனமே அதிகம் ஜெயிப்பதற்கும் இதுதான் காரணம். ஆட்டு மந்தையை மறுகோடியில் நின்று மடக்கும்போதும் மேய்ப்பவரின் சைகைக்குக் கட்டுப்பட்ட நாய் அது. இந்த விளையாட்டு 1978இல் லண்டன் ஒலிம்பியாவில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து, நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்துக்குப் பொழுதுபோக வைத்த ஒன்று. கலப்பு நாய்களுக்கு இதில் இடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வெஸ்ட்மின்ஸ்டர் அஜிலிட்டி போட்டியில் 2024இல் பட்டம் வாங்கிய நிம்பிள் ஒரு கலப்பு நாய்தான். அந்தப் போட்டியில் கலப்பு நாய் ஒன்று பட்டம் வென்றது அதுவே முதல்முறை. (அதில் பாதி பார்டர் கோலி என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் வந்து சொல்வீர்கள்.) ஆனால் நாய் இனங்களுக்கான சர்வதேச அமைப்பான எஃப்சிஐ நடத்தும் உலகப் போட்டிக்கு வம்சாவளிச் சான்று வேண்டும், அங்கே செம்பிக்கு வேலை இல்லை.

சரி, சாமான்களுக்கு வருவோம். கடையில் விற்கும் செட் வாங்கவே வேண்டாம். டனல் என்பது நாய் உள்ளே நுழைந்து ஓடும் குழாய். குழந்தைகள் விளையாடும் துணிக் குழாயை டனல் என்று விற்கிறார்கள். அதன் வாய் சின்னது, காற்றுக்கும் நிற்காது. விதிப்படி டனலின் விட்டம் 60 சென்டிமீட்டர். 200 லிட்டர் நீல டிரம் ஏறக்குறைய அதே அகலம்தான். இரண்டு பக்கமும் அறுத்து, மூன்று டிரம்மை வரிசையாக வைத்து, சேர்கிற இடத்தை வெளியில் கம்பி போட்டுக் கட்டினால் நேர் டனல் தயார். அறுத்த விளிம்பை அரம் போட்டு மழுக்கி, பழைய ஹோஸ் குழாயை நீளவாக்கில் பிளந்து அதன்மேல் செருகிவிடுங்கள். உள்ளே கால் வழுக்கும், சாக்கு ஒட்ட வேண்டும். ரசாயனம் வந்த டிரம்மாக இருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் நாய் மூக்குக்கு அது போகாது. வளைந்த டனலை இதில் பழக்க முடியாது. அதற்கு நல்ல டனல் ஒன்றைக் காசு போட்டு வாங்கத்தான் வேண்டும்.

தாண்டும் தடைக்கு நான்கு ஹாலோ பிளாக்கும் ஒரு பிவிசி குழாயும் போதும். குழாய் மேலே சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டும், கால் பட்டால் விழ வேண்டும். சவுக்குக் கட்டையை இறுக்கிக் கட்டி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாயின் முன்கால் போய்விடும். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் இன்னொரு தொல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது நாய் தொடாமலேயே குழாய் விழும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்திருப்பது சும்மா இல்லையே. குழாய்க்குள் மணல் அடைத்துப் பார்க்காதீர்கள், கனத்தால் அதுவும் காலில் அடிக்கும். அந்த இரண்டு மாதம் தாண்டலைக் குறைத்துக்கொண்டு மற்றதைப் பழக்குங்கள். காற்று நாளில் மரத்தடியே ஆகாது. காய்ந்த மட்டை ஒன்று தலையில் விழுந்தால் நாய்க்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. குதித்து இறங்கும் இடத்தில் தென்னை நார்க் கழிவைப் பரப்பி நனைத்து மிதித்துவிட்டால் மெத்தென்று இருக்கும். இங்கே அதற்குப் பஞ்சமே இல்லை.

அதிக நாள் எடுப்பது வீவ் போல் (weave poles) என்கிற கம்பு வரிசை. பன்னிரண்டு கம்பு, ஒன்றுக்கொன்று 60 சென்டிமீட்டர் இடைவெளி, நாய் ஒன்றுவிட்டு ஒன்று நெளிந்து நெளிந்து போக வேண்டும். உள்ளே நுழையும்போது முதல் கம்பு நாயின் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும், அதில்தான் முக்கால்வாசி நாய்கள் கோட்டைவிடும். தரையில் கம்பி அடித்து அதன்மேல் ஓர் அங்குல பிவிசி குழாயைச் செருகிக்கொள்ளுங்கள். முதலில் 1, 3, 5 என்று ஒற்றைப்படைக் கம்புகளை ஒரு வரிசையாகவும் 2, 4, 6 என்று இரட்டைப்படைக் கம்புகளை இன்னொரு வரிசையாகவும் பிரித்து, நடுவில் நாய் நேராக ஓடும் அளவு சந்து விடுங்கள். மறுமுனையில் கோழி ஈரல் வேகவைத்தது. (கருவாடு கொடுக்காதீர்கள், உப்பு.) ஓட்டம் தடையில்லாமல் வந்த பிறகு இரண்டு வரிசையையும் விரல் அளவு, விரல் அளவாக நெருக்குங்கள். ஒரு கட்டத்தில் முதுகு தானாக வளைய ஆரம்பிக்கும். செம்பிக்கு அது வந்த அன்றைக்கு வால் வேறு பக்கம், தலை வேறு பக்கம் ஆடியது. பக்கத்துத் தோப்புக்காரர் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "கம்புக்கு நடுவுல நெளியறதுக்குக்கூடப் போட்டி வெச்சிருக்காங்களாங்க?" என்று கேட்டார். அடுத்த வாரம் அவருடைய பேரன் அவர்கள் வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நெளிய வருகிறதே என்று ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஓட விடாதீர்கள், முதுகும் தோளும் பிடித்துக்கொள்ளும்.

ஏ-ஃபிரேம் (கூரை மாதிரி சாய்ந்த இரண்டு பலகை), டாக் வாக் (உயரமான நடைபாலம்), சீ-சா (ஏற்ற இறக்கப் பலகை) மூன்றிலும் ஏறி இறங்கும் இரண்டு முனைகளில் வேறு நிறம், பெரும்பாலும் மஞ்சள், அடித்திருக்கும். ஒரு காலாவது அந்தப் பகுதியில் பட வேண்டும். வேகமாக வரும் நாய் மேலேயிருந்தே குதித்துவிடும். பலகையைத் தரையில் போட்டு, முனையில் பின்கால் இரண்டும் பலகை மேல், முன்கால் இரண்டும் தரையில் என்று நின்றுவிடப் பழக்குங்கள். "போ" என்று சொன்னால்தான் நகர வேண்டும். சீ-சாவில் பயம் உயரத்தைப் பார்த்து வருவது இல்லை, பலகை தரையில் மோதும் சத்தத்தால் வருவது. அடியில் சாக்கை மடித்து வைத்து ஆரம்பித்து, பழகப் பழக ஒவ்வொரு மடிப்பாக எடுங்கள்.

இதெல்லாம் நாய்க்குச் சில மாதத்தில் வந்துவிடும். நமக்குத்தான் வராது. போட்டியில் நடுவர் தடைகளை எப்படி அடுக்கியிருக்கிறார் என்று நாய்க்குக் காட்ட மாட்டார்கள். ஆட்களை மட்டும் சில நிமிடம் உள்ளே விடுவார்கள், நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஓட்டம் தொடங்கினால் நாயைத் தொடக் கூடாது, கையில் தீனியோ பந்தோ இருக்கக் கூடாது. ஓடுகிற நாய் கவனிப்பது உங்கள் தோளும் பாதமும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதைத்தான். வாயால் "டனல்" என்று கத்திக்கொண்டு பாதத்தை ஏ-ஃபிரேம் பக்கம் வைத்தால் நாய் ஏ-ஃபிரேமில்தான் ஏறும். தடை மாறிப் போனால் உடனே வெளியே. குழாய் விழுந்தால் 5 தவறுப் புள்ளி, மஞ்சளை மிதிக்காவிட்டால் 5, தடை முன்னால் நின்றுவிட்டாலோ விலகிப் போனாலோ 5, அப்படி மூன்றாவது முறை மறுத்தால் வெளியே. அதனால் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, நீங்கள் மட்டும் தடைகளுக்கு நடுவே ஓடிப் பழகுங்கள். எந்த இடத்தில் நாய்க்கு முன்னால் குறுக்கே கடப்பது, எந்த இடத்தில் பின்னால் கடப்பது என்று கால் தானாகப் போகும்வரை ஓட வேண்டும். நாயே இல்லாமல் ஒரு ஆள் தென்னை மரங்களுக்கு நடுவே கையை நீட்டிக்கொண்டு சுற்றுவதைப் பார்த்தால் தேங்காய் போடுகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்தான்.

வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாலக்காட்டுப் பக்கம் பங்குனி, சித்திரையில் 40 டிகிரி சர்வசாதாரணம். நாய்க்கு நம்மைப் போல் வேர்த்துக் கொட்டாது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் அது சூடுதான். நாக்கு அகன்று தொங்கி, ஈறு கடுஞ்சிவப்பாகி, கால் தள்ளாடினால் நிழலுக்குத் தூக்கிப்போய் வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். தோப்பில் நெருஞ்சி முள்ளும் உண்ணியும் உண்டு, ஒவ்வொரு முறையும் விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்து நாய் சுருண்டுவிட்டால் அந்த சீசனே போய்விடும்.

குட்டியாக இருந்தால் எலும்பு வளர்ந்து முடியும்வரை உயரத் தாண்டலும் வீவ் போலும் வேண்டாம். எஃப்சிஐ விதியில் போட்டிக்குக் குறைந்த வயது 18 மாதம். உயரத்தைப் பின்னங்கழுத்து முடிந்து தோள் தொடங்கும் மேட்டில் அளக்க வேண்டும். 35க்குக் கீழே, 43க்குக் கீழே, 48க்குக் கீழே, அதற்கு மேலே என்று சென்டிமீட்டரில் நான்கு பிரிவு, நம் நாட்டு நாய்கள் பெரும்பாலும் கடைசி இரண்டில் வரும்.

பெயர் கொடுப்பதற்கு முன் நடத்துகிறவர்களுக்கு ஒரு போன் போட்டு, கென்னல் கிளப் பதிவு இல்லாத நாயைச் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். நம் பக்கம் அழகுக் காட்சிகளே அதிகம், அஜிலிட்டி சில இடங்களில்தான் உண்டு, விதியும் ஆளுக்கு ஆள் மாறும். இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெட்டை நாயை விடுவார்களா, தரை புல்லா சிமென்ட்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சிமென்ட் தரை என்றால் நான் போக மாட்டேன். வெறிநாய்த் தடுப்பூசிப் புத்தகமும், கேரளத்தில் இருந்தால் பஞ்சாயத்து லைசென்ஸும் வண்டியிலேயே இருக்கட்டும். முந்தின நாளே போய், அந்த மைதானத்தின் கூட்டத்துக்கும் மைக் சத்தத்துக்கும் நாயைப் பழக்குங்கள். தோப்பில் தங்கமாக ஓடும் நாய் மைக் அலறினால் வாலை இடுக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடும். எங்கள் ஊர்த் தேர் நோன்பி (தேர்த் திருவிழா) சமயத்தில் ரேடியோ செட் கட்டினதும் செம்பியைத் தூரத்தில் உட்கார வைத்து ஈரல் கொடுத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுபோனேன். உங்கள் ஊரிலும் நோன்பி வரும் இல்லையா, அங்கேயே ஆரம்பியுங்கள்.