இரண்டு மேலாளர்கள், இரண்டும் அவசரம்!

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்கு இரண்டு மேலாளர்கள். இருவர் தருவதும் ‘அவசரம்’தான். இரவு பத்து மணிக்கும் போனில் செய்தி வருகிறது. ஞாயிறு மாலையே வயிறு பிசைய ஆரம்பித்துவிடுகிறது. தியானம் பண்ணச் சொன்னார்கள், பண்ணினேன். ஒன்றும் மாறவில்லை. குறை என்னிடம்தானா டாக்டர்?

பதில்: தியானம் நல்லதுதான், விட்டுவிடாதீர்கள். ஆனால் இரண்டு மேலாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைக்க அதனால் முடியாது!

‘வேலை ஜாஸ்தி’ என்றுதான் என்னிடம் வருகிறார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும், எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இல்லை என்று. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இலேயே இதைச் சொன்னார்: சுமை கூடி, அதைக் கையாளும் சுதந்திரம் குறையும் இடத்தில்தான் அழுத்தம் அதிகம். பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்விலும், உயரதிகாரிகளைவிட, தீர்மானிக்கும் உரிமை குறைந்த கீழ்நிலை ஊழியர்களே இதயநோயால் அதிகம் இறந்தார்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. ‘பெரிய பதவி, பெரிய டென்ஷன்’ என்று அலுத்துக்கொள்ளும் அதிகாரிகளிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.

வேலையில் வெந்து சோர்ந்துபோகும் நிலையை உலக சுகாதார நிறுவனமும் 2019இல் நோய் என்று சொல்லவில்லை. வேலையிடம் சார்ந்த ஒன்றாகத்தான் வகைப்படுத்தியது. ஆக, குறையை உங்களுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? இருவருக்கும் சேர்த்து ஒரே மெயில் அனுப்புங்கள். “என்னிடம் இந்த மூன்று வேலைகள் இருக்கின்றன. இன்று இரண்டு முடியும். எதை முதலில் முடிக்கட்டும்?” அவ்வளவுதான். புகார் வேண்டாம், ‘முடியாது’ என்ற பேச்சும் வேண்டாம். அவர்களுக்குள் முட்டிக்கொண்டால் முட்டிக்கொள்ளட்டும்; இத்தனை நாள் அந்தச் சண்டை உங்கள் வயிற்றுக்குள் நடந்துகொண்டிருந்தது. இரவுச் செய்திக்கும் இதே வழிதான்: காலைவரை தாங்காத விஷயம் என்றால் போன் செய்யச் சொல்லுங்கள், மற்றதைக் காலையில் பார்ப்பதாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் போன் வராது.

வயிற்றுவலி விடாமல் இருந்தாலோ தூக்கம் கெட்டாலோ டாக்டரிடம் நேரில் காட்டுங்கள். எல்லாவற்றையும் டென்ஷன் கணக்கில் எழுதக் கூடாது.

அப்புறம், அந்த மெயிலை மாதக் கடைசியில் அனுப்பாதீர்கள். கணக்கு முடிக்கும் அவசரத்தில் அதைப் படிக்க இருவருக்குமே பொறுமை இருக்காது.