பிரின்செப்பின் காசி

அன்புள்ள ஆசிரியருக்கு,

காசிப் படித்துறைகளை வரைந்தவர்களில் ஜேம்ஸ் பிரின்செப்பை மிகவும் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். கட்டட பிளான் போலத்தான் இருக்கிறது. பக்தி எங்கே? வெள்ளைக்கார அதிகாரியின் பார்வை என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

க., ஈரோடு

அன்புள்ள க.,

பிளான் என்றது சரிதான். இளமையில் கட்டடக்கலை படித்தவர். கண்பார்வை கெட்டதால் அதை விட்டு உலோகத்தின் தரம் பார்க்கும் வேலைக்கு வந்தார். 1820 முதல் பத்தாண்டுகள் காசி நாணயச்சாலையில் இருந்தார். விட்டுப்போன ஆசை முழுவதும் அந்த ஊர்மேல் இறங்கிவிட்டது. 1822-ல் நகரத்தை அளந்து வரைபடம் போட்டார். தேங்கிய குளங்களை வடிக்க ஊருக்கு அடியில் சுரங்க வடிகால் அமைத்தார். (1837-ல் அசோகரின் பிராமி எழுத்தைப் படித்தவரும் இவரே.)

அவர் படத்தில் எனக்குப் பிடித்தது ஊர்மேல் இருந்த இந்தப் பொறுப்புதான். காசியில் கங்கை வடக்கு நோக்கித் திரும்புகிறது. ஊர் மேற்குக் கரையில் மட்டும். எதிர்க்கரை வெறும் மணல். காலை வெயில் நேராகப் படிகளில் விழும். படகில் உட்கார்ந்தால் எந்த ஓவியனுக்கும் அழகான படம் கிடைத்துவிடும், அதனால்தான் பலர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். பிரின்செப்புக்கோ அந்தச் சுவர்களின் எடை தெரியும். பஞ்சகங்கா படித்துறைக்கு மேலே ஔரங்கசீப் மசூதியின் இரண்டு மினார்களை வரைந்திருக்கிறாரே, சரியும் நிலையில் இருந்த அவற்றைச் செப்பனிட உதவியவர் அவர். இன்று போனால் அவை இல்லை. 1948-ல் ஒன்று விழுந்தது. பிறகு மற்றதையும் இறக்கிவிட்டார்கள். ஆற்றிலிருந்து தெரிந்த காசியின் உச்சி எது என்று அறிய இப்போது அந்தப் படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளைக்காரப் பார்வை என்பதை நான் மறுக்கவில்லை. 1830களின் தொடக்கத்தில் கல்லச்சில் வந்த அவருடைய படத் தொகுப்பு காசிக்காரர்களுக்காகப் போட்டதல்ல. விலை கொடுத்து வாங்கியவர்கள் ஆங்கிலேயர்கள். மனித முகங்களிலும் அவர் கெட்டிக்காரர் இல்லை, கூட்டம் எல்லாம் ஒரே அச்சு. ஆனால் பக்தியே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். சந்திர கிரகணத்துக்காகப் படித்துறையில் ஜனம் கூடியிருக்கும் படம் ஒன்று உண்டு. உங்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. அதைக் கைபேசியில் பார்க்காமல் பெரிய திரையில் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், சண்டையைத் தொடரலாம்.