ஆயில்யமா, மகமா?

கேள்வி: என் மகளுக்கு 28 வயது. வாக்கியப் பஞ்சாங்கப்படி அவள் ஆயில்யம் நாலாம் பாதம். திருக்கணிதப்படி மகம் முதல் பாதம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று நான்கு வரன்கள் தட்டிப்போய்விட்டன. வந்ததில் ஒரு பையனை செவ்வாய் தோஷம் என்று நாங்களே வேண்டாம் என்றோம். "திருக்கணித ஜாதகத்தையே கொடுங்கள், மகம் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்" என்கிறார் தரகர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் தம்பியோ, "உண்மை என்று தனியாக ஒன்றும் கிடையாது அண்ணா, அவரவர் நம்புவதுதான் அவரவருக்கு உண்மை" என்கிறான். இரண்டில் எது உண்மை? எதைக் கொடுப்பது?
(பெயர் வேண்டாம், மயிலாடுதுறை)

பதில்: அன்புள்ள ஐயா,

ஒரே குழந்தை, ஒரே நிமிடம். ஒரு புத்தகத்தில் மாமியாருக்கு ஆகாதவள், இன்னொன்றில் ஜகத்தை ஆளப் பிறந்தவள். இதைப் பார்த்தால் உங்கள் தம்பிக்கு அப்படித் தோன்றத்தான் செய்யும். ஆனாலும் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை.

உங்கள் மகள் பிறந்த நேரத்தில் நிலா வானத்தில் ஓர் இடத்தில்தான் இருந்தது. யார் எதை நம்பினாலும் அது நகர்ந்திருக்காது. அந்த இடத்தைச் சரியாகச் சொல்வது, இன்றைய வானியல் கணக்கை வைத்துப் போடும் திருக்கணிதம். வாக்கியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. வரருசி பெயரில் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களை, அதாவது நிலாவின் கணக்கை எழுத்துகளில் பொதிந்துவைத்த சிறு சொற்றொடர்களை, மனப்பாடம் செய்துகொண்டு, கருவி எதுவும் இல்லாமல், நாளுக்கு நாள் நிலா எங்கே நிற்கும் என்று சொன்னார்கள். அபாரமான வேலை. ஆனால் சூரியனின் இழுப்பால் நிலாவின் ஓட்டத்தில் வரும் சில ஏற்ற இறக்கங்கள் அந்தக் கணக்கில் இல்லை. அதனால்தான் நட்சத்திரமும் திதியும் மாறும் நேரத்தில் சில மணி வித்தியாசம் வருகிறது. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 19ஆம் நூற்றாண்டிலேயே இதைத் திருத்த முனைந்து திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். இன்றைக்கு வாக்கியப் பஞ்சாங்கம் போடுகிறவர்களில் பலர்கூட கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். கிரகணத்தை ஊரே நின்று பார்க்குமே!

உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது திருநள்ளாறு. 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்றது திருக்கணிதம். கோயிலோ, எங்களுக்கு வாக்கியம்தான், பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்தது. அதில் தவறே இல்லை. விழாவை என்றைக்கு எடுப்பது என்பது மரபு. சாலையில் இடது பக்கம் போவதுபோல, எல்லோரும் ஒத்துக்கொண்டால் போதும். ஆனால் கோயில் எந்த நாளைக் குறித்தாலும் சனி தன் பாட்டுக்குச் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் மகம்தான் உண்மையா? அவசரப்படாதீர்கள். நிலா நின்ற இடம் உண்மை. அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஆயில்யம், அந்தப் பக்கம் மகம் என்று பிரிக்கும் கோடு மனிதர்கள் போட்டது. அந்தக் கோட்டை எங்கிருந்து அளப்பது என்பதிலேயே ஜோதிடர்களுக்குள் வழக்கு தீரவில்லை. அந்தத் தொடக்கப் புள்ளிக்கான கணக்கைத்தான் அயனாம்சம் என்பார்கள். அது மாறினால் கோடும் கொஞ்சம் தள்ளிப்போகும். 1950களில் வானியற்பியலாளர் மேகநாத் சாஹா தலைமையில் அரசு அமைத்த குழு ஒரு கணக்கை நிர்ணயித்தது. இப்போது பெரும்பாலான திருக்கணித ஜாதகங்களில் இருப்பது அதை ஒட்டியதுதான். போதாததற்கு, பிரசவ அறையில் மணியைக் குறித்த நர்ஸின் கடிகாரம் எவ்வளவு சரி என்று யாருக்குத் தெரியும்? எல்லையில் பிறந்த குழந்தைக்கு அந்த நாலைந்து நிமிடமே நட்சத்திரத்தை மாற்றிவிடும்.

சரி, மாமியார் விஷயத்துக்கு வருவோம். நிலா எங்கே என்பது அளந்து சொல்லக்கூடியது. அங்கே நின்றால் மாமியாருக்கு ஆகாது என்பதை யாரும் இதுவரை காட்டியதில்லை. நட்சத்திரம் 27. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்கள் சுமார் மூன்றரைக் கோடி. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 13 லட்சம் பேர் ஆயில்யம். இத்தனை பேரின் மாமியார்கள் சீக்கிரம் போய்ச் சேர்வது உண்மையென்றால், ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் 'மருமகள் நட்சத்திரம்' என்று ஒரு கட்டம் எப்போதோ வந்திருக்கும். வானியலாளர் ஜயந்த் நாரளீகர் மகாராஷ்டிரத்தில் இதுபோல் ஒன்றைச் சோதித்தே பார்த்தார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து, எது யாருடையது என்று கேட்டார். ஆளுக்கு 40 ஜாதகம் பார்த்து விடை அனுப்பிய 27 ஜோதிடர்களின் சராசரி, பாதிகூடத் தேறவில்லை. காசைச் சுண்டிப்போட்டே பாதியைச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் தம்பி ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொல்கிறார், புரிகிறது. ஆனால் அவர் சொன்ன அதே பேச்சை, உங்கள் மகளை வேண்டாம் என்ற அந்த நான்கு வீட்டாரிடம் கொடுத்துப் பாருங்கள். "எங்களுக்கு அதுதான் உண்மை" என்று அவர்களும் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்புறம் உங்களுக்குப் பேச என்ன இருக்கிறது? ஒருவர் சனிக்கிழமை எள் விளக்குப் போடுகிறார், அது அவர் மனசு, அவர் எண்ணெய். நம்புகிறவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர் என்று வரும்போது, 'என் நம்பிக்கை' என்ற பதில் போதாது. ஆதாரம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இங்கே விலை கொடுப்பவள் உங்கள் மகள்.

அந்த செவ்வாய்க்காரப் பையனும்தான். இதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அவன் அம்மா இந்நேரம் வேறு ஏதோ பத்திரிகைக்கு இதே கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கலாம்.

எதைக் கொடுப்பது என்று கேட்டீர்கள். திருக்கணித ஜாதகத்தையே கொடுங்கள். அது பொய் இல்லை. ஆனால் தரகர் சொல்வதுபோல் வாக்கியத்தை மறைக்காதீர்கள். ஜாதகத்தின் தலையில் 'திருக்கணிதம்' என்று தெளிவாக எழுதுங்கள். வாக்கியத்தில் என்ன என்று கேட்டால், ஆயில்யம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒழுக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மறைத்துக் கட்டிக்கொடுத்தால், சம்பந்தியம்மாவுக்கு முதல் காய்ச்சல் வந்த அன்றைக்கே யாராவது ஒரு சித்தப்பா வாக்கியப் பஞ்சாங்கத்தைத் தூசி தட்டி எடுப்பார். அந்த வீட்டில் அன்று உங்கள் மகள் தனியாக நிற்பாள். ஆயில்யம் என்று தெரிந்தே "அதனால் என்ன" என்று சொல்கிற மாமியாரைத் தேடுங்கள். இருக்கிறார்கள், கொஞ்சம் நாளாகும்.

இன்னொன்று. இவ்வளவு எழுதியதில், மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அவளிடம் கேளுங்கள். அவளுக்கும் சரி என்றால், அந்த செவ்வாய்க்காரப் பையனுக்கு இன்னும் முடியவில்லையா என்று தரகரிடம் விசாரியுங்கள். இந்தத் தடவை நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள்.