அம்மாவைப் பேச விடுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இரண்டு வருடமாக நெஞ்சடைப்பு, தலைசுற்றல், உடம்பெல்லாம் வலி என்கிறார். ஈசிஜி, எக்கோ, எண்டோஸ்கோபி, எம்ஆர்ஐ எல்லாமே நார்மல். நான்கு ஸ்பெஷலிஸ்ட்டுகளைப் பார்த்தாயிற்று. டாக்டர் கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது, நானே சொல்லிவிடுவேன். அடுத்து எங்கே காட்டலாம்?
- திருச்சி வாசகர்

பதில்: ஐந்தாவது ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம் தம்பி. உங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவருக்கா சொல்லத் தெரியாது? நான்கு டாக்டர்களும் உங்கள் பேச்சைத்தான் கேட்டிருக்கிறார்கள். நெஞ்சடைப்பு எந்த நேரத்தில் வருகிறது, அதற்குமுன் வீட்டில் என்ன நடந்தது, ராத்திரி எதை நினைத்துத் தூக்கம் கெடுகிறது என்பதெல்லாம் ஸ்கேனில் வராது. மகனை வைத்துக்கொண்டு அம்மாவும் சொல்லமாட்டார். ஸ்கேனுக்குப் பணம் கட்டியதோடு பிள்ளையின் கடமை முடிந்துவிடாது.

பக்கத்தில் ஒரு குடும்ப டாக்டரைப் பிடியுங்கள், பெண் டாக்டர் என்றால் நல்லது. ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போடுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நாலு பேர் எழுதும்போது ஒரே வலி மாத்திரை இரண்டு பெயரில் சேர்ந்துவிடும். வயிறும் சிறுநீரகமும் கெடும்.

வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 4 வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். வலித்தால்தான் டாக்டர் என்றிருந்தால், கவனிப்பு கிடைக்கவே வலி தேவைப்படும். ஒவ்வொரு முறையும் அவர் பிரஷர் பார்த்து, வயிற்றை அழுத்தி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கட்டும். புதிதாக ஏதாவது தென்பட்டால் மட்டும் டெஸ்ட். இந்த வயதில் வலியே இல்லாதவருக்கும் எம்ஆர்ஐயில் டிஸ்க் தேய்மானம் தெரியும்; அதைப் படித்துப் பயந்தே படுத்துவிடுகிறவர்கள் உண்டு.

நல்ல டாக்டர் "ஒன்றுமில்லை" என்று அனுப்பமாட்டார். நீங்களும் வீட்டில் அப்படிச் சொல்லாதீர்கள். வலி நிஜம். தூக்கம் கெட்டு பயம் கூடினால் தசை இறுகும், சின்ன உணர்வும் வலியாகப் பெருகும், மூச்சு வேகமாகித் தலை சுற்றும். இதை அம்மாவுக்குப் புரியும்படி அவர் விளக்குவார். மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்பார்.

தினம் 10 நிமிடம் நடக்கட்டும், வாரம் 2 நிமிடம் கூட்டுங்கள். உடம்பு தேவலை என்ற நாளில் வீடு முழுக்கக் கழுவிவிட்டு மறுநாள் படுப்பதுதான் காரியத்தைக் கெடுக்கும்.

எடை குறைந்தால், காய்ச்சல் நீடித்தால், மலத்தில் ரத்தம் வந்தால் 4 வாரம் காத்திருக்காதீர்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலும் அன்றே காட்டுங்கள். வியர்வையோடு நெஞ்சு வலித்தாலோ கை கால் திடீரென வலுவிழந்தாலோ உடனே 108.

முதல் நாள் ஃபைலை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்து உட்காருங்கள். அரைமணி ஆனாலும் கதவைத் தட்டாதீர்கள். வீடு திரும்பும்போது "என்னம்மா சொன்னே?" என்று துருவாதீர்கள்.