டெர்மினேட்டருக்குச் சொந்தமாக ஒரு பிளகின்: எதற்கு எழுதலாம், எதற்கு வேண்டாம்

வாசகர் கேள்வி: ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். உபுண்டுவில் நாள் முழுக்க டெர்மினேட்டர் என்ற டெர்மினல் மென்பொருள்தான் (கட்டளை தட்டும் ஜன்னல்). லாகில் (சர்வர் நிரல்கள் எழுதும் பதிவில்) ‘பிஏஒய்-48213’ என்பது போல டிக்கெட் எண்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் நகலெடுத்து பிரௌசரில் ஒட்டித்தான் பார்க்கிறேன். கிளிக் செய்தாலே டிக்கெட் திறக்கும்படி செய்ய முடியுமா? அப்புறம், புரொடக்‌ஷன் சர்வருக்குள் (உண்மையான பயனர்களுக்காக ஓடுவது) போனதும் திரை சிவப்பாக மாற வேண்டும். போன மாதம் டெஸ்ட் சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வீஸை நிறுத்திவிட்டேன். பைத்தான் ஓரளவு தெரியும். இரண்டையும் ஒரே பிளகினாக எழுதிவிடலாமா?

பதில்: இரண்டுமே செய்ய முடியும். ஆனால் ஒரே பிளகினில் வேண்டாம். முதலாவதுக்குப் பிளகின் சரியான வழி, அரை மணி நேரத்தில் முடியும். இரண்டாவதுக்குப் பிளகினே தேவையில்லை, ஷெல்லில் (நீங்கள் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) நான்கைந்து வரி போதும்.

எந்தத் தகவல் யாருக்குத் தெரியும் என்று முதலில் பாருங்கள். டெர்மினல் எமுலேட்டருக்குத் தெரிவது திரையில் உள்ள எழுத்துகளும், நீங்கள் எங்கே கிளிக் செய்தீர்கள் என்பதும்தான். நீங்கள் இப்போது எந்த சர்வரில் இருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. எஸ்எஸ்ஹெச் (தொலைவில் உள்ள சர்வருக்குள் நுழையும் கட்டளை) வழியாக வருவதும் உங்கள் கணினியிலேயே ஓடும் கட்டளை தருவதும் அதற்கு ஒரே மாதிரியான பைட் ஓட்டம். ஷெல்லுக்கோ நீங்கள் எந்த சர்வரின் பெயரைத் தட்டினீர்கள் என்று தெரியும், ஆனால் திரையில் எந்த எழுத்தின் மேல் மவுஸ் இருக்கிறது என்று தெரியாது. கிளிக் டெர்மினலின் வேலை, சர்வர் பெயர் ஷெல்லின் வேலை. இதை மாற்றிச் செய்யப்போனால், திரையில் தெரியும் ப்ராம்ப்டை (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரியின் தொடக்கம்) படித்து சர்வரை ஊகிக்கும் பிளகினை எழுதுவோம். ப்ராம்ப்டின் வடிவத்தை யாராவது மாற்றிய நாளில் அந்த ஊகம் தவறும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் வராமல் போவது, சிவப்பே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து.

சரி, முதல் வேலை. டெர்மினேட்டர் முழுக்கப் பைத்தானில் எழுதப்பட்டது. திரையில் எழுத்தை வரையும் பகுதி மட்டும் க்னோம் டெர்மினலும் பயன்படுத்தும் விடிஇ என்ற நூலகம். டெர்மினேட்டரோடு வரும் பிளகின்களில் லாஞ்ச்பேட் தளத்தின் (உபுண்டுவின் பிழைகளைப் பதியும் இடம்) பக் எண்ணை இணைப்பாக மாற்றுகிற ஒன்று இருக்கிறது. உங்களுக்கு வேண்டியதும் கிட்டத்தட்ட அதுதான், முகவரிதான் வேறு. டெர்மினேட்டரின் பிளகின்கள் கோப்புறையில் ‘யுஆர்எல் ஹேண்ட்லர்ஸ்’ என்ற பெயரில் அந்தக் கோப்பு இருக்கும். வெறும் பக்கத்திலிருந்து தொடங்காமல், அதை நகலெடுத்து மாற்றுவதே நல்லது.

உங்கள் கோப்பை வைக்க வேண்டிய இடம், ஹோமுக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறையில், டெர்மினேட்டர் என்பதற்குள் பிளகின்ஸ் என்ற கோப்புறை. இல்லையென்றால் நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். கோப்பின் தொடக்கத்தில் ‘அவைலபிள்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பட்டியல் வேண்டும். அதில் உங்கள் கிளாஸின் பெயர் இருந்தால்தான் டெர்மினேட்டர் அதைக் கவனிக்கும். பிளகின் எழுதியும் பட்டியலில் வரவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியைத்தான் விட்டிருப்பார்கள்.

கிளாஸுக்குள் நான்கு விஷயங்கள் முக்கியம். ‘கேபபிலிட்டீஸ்’ பட்டியலில் இது யுஆர்எல் ஹேண்ட்லர் என்று அறிவிக்க வேண்டும். ‘ஹேண்ட்லர் நேம்’ வேறு எந்தப் பிளகினும் எடுத்துக்கொள்ளாத பெயராக இருக்க வேண்டும். ‘மேட்ச்’ என்பது டிக்கெட் எண்ணைப் பிடிக்கும் ரெஜெக்ஸ் (தேட வேண்டிய எழுத்தின் வடிவத்தைச் சொல்லும் குறியீடு). கடைசியாக ‘கால்பேக்’ என்ற ஃபங்ஷன். பிடிபட்ட எழுத்து அதன் கையில் வரும், நீங்கள் முழு முகவரியைக் கட்டித் திருப்பித் தர வேண்டும். வரும் எழுத்து பிடிபட்ட துண்டு மட்டுமே, முழு வரி அல்ல. ஆகவே உங்கள் டிக்கெட் தளத்தின் முகவரியோடு அதை ஒட்டினால் வேலை முடிந்தது. வலது கிளிக் மெனுவில் வரும் ‘திற’, ‘நகலெடு’ வாசகங்களையும் அதே கிளாஸில் நீங்களே தரலாம். அவற்றைத் தமிழில் எழுதினாலும் தமிழிலேயே காட்டும்.

ரெஜெக்ஸை மட்டும் நிதானமாக எழுதுங்கள். ‘எழுத்துகள், கோடு, எண்கள்’ என்று பொதுவாக எழுதினால் யுடிஎஃப்-8 கூட டிக்கெட்டாகிவிடும். உங்கள் டிக்கெட் முன்னொட்டுகள் நான்கோ ஐந்தோதான் இருக்கும். அவற்றை அப்படியே பெயர் சொல்லி எழுதி, பின்னால் நான்கு முதல் ஆறு இலக்கம் என்று கட்டுப்படுத்தி, இரு முனையிலும் சொல்லெல்லைக் குறி போடுங்கள். இந்த ரெஜெக்ஸை ஓட்டுவது பைத்தான் அல்ல, விடிஇ என்பதும் நினைவிருக்கட்டும். பைத்தானில் சோதித்து சரியாக வந்த ஏதாவது விசித்திரமான குறியீடு இங்கே வேறு மாதிரி நடக்கலாம். எளிய குறியீடுகளோடு நின்றுகொண்டால் அந்தத் தொல்லை வராது.

இனி சோதனை. பலரும் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான். டெர்மினேட்டர் ஏற்கெனவே திறந்திருக்கும்போது அந்தக் கட்டளையை மறுபடி கொடுத்தால், புதிய நிரல் தொடங்காது. டிபஸ் (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) மூலமாகப் பழையதிடம் சொல்லி இன்னொரு ஜன்னலைத் திறக்கும், அவ்வளவுதான். பழைய நிரலின் நினைவில் இருப்பது பழைய பிளகின். கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் மாற்றம் தெரியாது. டிபஸை அணைக்கும் ‘-யு’ தெரிவோடும், பிழைத்திருத்தச் செய்திகளைக் காட்டும் ‘-டி’ தெரிவோடும் (இரண்டுமே சிறிய ஆங்கில எழுத்து) தொடங்குங்கள். தனி நிரலாக ஓடும், பிளகின் ஏற்றுவதில் பிழை இருந்தால் நீங்கள் கட்டளை கொடுத்த இடத்திலேயே எழுதிக் காட்டும். பிறகு ப்ரிஃபரன்ஸஸில் பிளகின்ஸ் பகுதிக்குப் போய் உங்கள் கிளாஸின் பெயருக்கு டிக் போட்டு, ஒருமுறை முழுதாக மூடித் திறந்தால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளிக் செய்யலாம்.

கால்பேக்குக்குள் இணையத்தைத் தொடாதீர்கள். இதை அனுபவித்துச் சொல்கிறேன். டிக்கெட்டின் தலைப்பையும் நிலவரத்தையும் சர்வரிடம் கேட்டு மெனுவில் காட்டும் ஒரு பிளகினை ஒருமுறை எழுதியிருந்தேன். அலுவலக விபிஎன் அறுந்த ஒரு மதியம், ஒரு வலது கிளிக்கில் என் எல்லா ஜன்னல்களும் உறைந்து நின்றன. ஒரு ஜன்னலில் தரவுத்தள மாற்றம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது, அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. காரணம் எளிது. எல்லா ஜன்னல்களும் எல்லாப் பிளகின்களும் ஒரே நிரலுக்குள், ஒரே ஜிடிகே (ஜன்னல்களையும் மெனுக்களையும் வரையும் நூலகம்) சுழற்சியில் ஓடுகின்றன. உங்கள் ஃபங்ஷன் பதிலுக்காகக் காத்திருந்தால் அத்தனையும் சேர்ந்து காத்திருக்கும். முகவரியைக் கட்டித் திருப்பித் தருவதோடு நிறுத்துங்கள், மீதியை பிரௌசர் பார்த்துக்கொள்ளும்.

பிடிபட்ட எழுத்தை எக்காரணம் கொண்டும் ஷெல் கட்டளையாக ஓட்டாதீர்கள். லாகில் வருவது நீங்கள் எழுதியது அல்ல, வெளியிலிருந்து வந்த வேண்டுகோள்களும் அதில் பதிவாகின்றன. யாரோ வேண்டுமென்றே அனுப்பிய ஒரு சரம் உங்கள் கணினியில் கட்டளையாக ஓட நீங்களே வாசல் திறந்துவிட்டதாகும். முன்னொட்டும் இலக்கமும் மட்டுமே அனுமதிக்கும் குறுகிய ரெஜெக்ஸ் இதற்கும் ஒரு காவல். இணையத்தில் கிடைக்கும் பிளகின்களையும் இதே கண்ணோடு பாருங்கள். டெர்மினேட்டருக்குள் ஓடும் எதற்கும், நீங்கள் தட்டும் கடவுச்சொல் உட்பட எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. பெரும்பாலானவை நூறு வரிகூட இருக்காது, படித்துவிட்டே போடுங்கள். மிகப் பழையவை பைத்தான் 2-ல் இருக்கும், அவை இன்று ஏறவே ஏறாது.

இனி சிவப்புத் திரை. பின்னணி நிறத்தை மாற்றச் சொல்லும் எஸ்கேப் வரிசை (திரையில் அச்சாகாமல் டெர்மினலுக்குக் கட்டளையாகும் எழுத்துத் தொடர்) எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினலில் தொடங்கி, இன்று விடிஇ உட்படப் பெரும்பாலான டெர்மினல்களில் இருக்கிறது. எஸ்கேப் எழுத்து, மூடும் சதுர அடைப்புக்குறி, 11, அரைப்புள்ளி, நிறம், கடைசியில் பெல் எழுத்து. பழைய நிறத்துக்குத் திரும்ப, 11-க்குப் பதில் 111, நிறம் வேண்டாம். பிரின்ட்எஃப் கட்டளையில் எஸ்கேப்பை 033 என்றும் பெல்லை 007 என்றும் எண்ம (ஆக்டல்) எண்ணாகத் தரலாம். உங்கள் பேஷ் ஷெல்லின் அமைப்புக் கோப்பான பேஷ்-ஆர்சியில் எஸ்எஸ்ஹெச் என்ற பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். கொடுத்த சர்வர் பெயர் புரொடக்‌ஷன் பட்டியலில் இருந்தால் முதலில் நிறத்தை மாற்றி, பிறகு உண்மையான எஸ்எஸ்ஹெச்சை ‘கமாண்ட்’ என்ற சொல்லை முன்னால் வைத்து அழைத்து, அது முடிந்ததும் நிறத்தைத் திருப்ப வேண்டும். ‘கமாண்ட்’ இல்லையென்றால் ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொண்டிருக்கும்.

ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. கடவுச்சொல் கேட்கும் கட்டத்தில் கன்ட்ரோல்-சி அடித்து வெளியேறினால், பேஷ் ஃபங்ஷனையும் பாதியில் விட்டுவிடும். நிறம் திரும்பாது. கொஞ்ச நாளில் சொந்தக் கணினியிலேயே சிவப்பைப் பார்த்துப் பழகி, கண் அதை மதிக்காமல் போய்விடும். ஆகவே நிறம் திருப்பும் வரியை ப்ராம்ப்ட் கமாண்ட் மாறியிலும் சேர்த்துவிடுங்கள். உங்கள் கணினியின் ப்ராம்ப்ட் தோன்றும் ஒவ்வொரு முறையும் இயல்பு நிறம் தானாக வந்துவிடும். கண்ணை உறுத்தும் சிவப்பு வேண்டாம், கருஞ்சிவப்பாக எடுங்கள். அதன் மேல் பிழைச் செய்தியின் சிவப்பு எழுத்தும் படிக்கும்படி இருக்க வேண்டும், அதைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

வேறு டெர்மினலுக்கு மாறினால் முதல் வேலை மட்டும் மாறும். வெஸ்டெர்மில் பிளகினே வேண்டாம், அதன் லூவா அமைப்புக் கோப்பில் ஹைப்பர்லிங்க் விதியாக ரெஜெக்ஸையும் முகவரியையும் எழுதினால் போதும். கிட்டியில் (காலிபர் மின்னூல் மென்பொருளை உருவாக்கிய கோவித் கோயலின் டெர்மினல் இது) பிளகின்களுக்குக் கிட்டன் என்று பெயர். அவற்றின் முதன்மைப் பகுதி தனி நிரலாக ஓடுவதால், அங்கே இணையத்துக்குக் காத்திருந்தாலும் மற்ற ஜன்னல்கள் உறையாது. அந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். லாகை எழுதும் நிரலே உங்கள் குழுவின் கையில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஓஎஸ்சி 8 என்ற எஸ்கேப் வரிசையால், நிரலே டிக்கெட் எண்ணை இணைப்பாக அச்சிடலாம். க்னோம் டெர்மினல், ஐடெர்ம் 2, கிட்டி, வெஸ்டெர்ம் எல்லாம் அதைப் புரிந்துகொள்ளும். ஆனால் கோப்பில் சேமிக்கும் லாகில் அது போகக் கூடாது, தேடும்போது குப்பையாக நிற்கும். திரைக்கு எழுதும்போது மட்டும் போட வேண்டும்.

நீங்கள் டிமக்ஸ் (ஒரே டெர்மினலைப் பேன் எனப்படும் பல கட்டங்களாகப் பிரிக்கும் நிரல்) பயன்படுத்துபவரா என்று சொல்லவில்லை. பயன்படுத்தினால் நிறம் பற்றிக் கவலை வேண்டாம். டிமக்ஸ் அந்த வரிசையைத் தானே வாங்கி, அந்த ஒரு பேனுக்கு மட்டும் நிறம் பூசும். புரொடக்‌ஷன் பேன் சிவப்பாகவும் பக்கத்தில் உள்ளது வழக்கம்போலவும் இருக்கும். கிளிக்கில்தான் சிக்கல். பேன்களுக்கு இடையே கோடு இருப்பது டெர்மினலுக்குத் தெரியாது. பேனின் ஓரத்தில் மடங்கிய டிக்கெட் எண், பாதி ஒரு வரியிலும் பாதி அடுத்த வரியிலுமாகப் பிரிந்து, ரெஜெக்ஸில் சிக்காது. அப்போது டிமக்ஸின் முன்னொட்டு விசைக்குப் பின் இசட் அழுத்தி அந்தப் பேனை முழுத்திரையாக்கிக்கொண்டு கிளிக் செய்யுங்கள்.