மல்லித்தழைக்குப் பதில் புதினாவா?

கேள்வி: தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் கேரட், பீட்ரூட் துருவலும் வைக்கும் தட்டுவடை செட்டுக்குப் பச்சைச் சட்னி அரைக்கும்போது, மல்லித்தழை விலை ஏறியிருந்ததால் அதே அளவு புதினாவைப் போட்டேன். சட்னி கசந்துவிட்டது. என்ன செய்திருக்க வேண்டும்?
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: அளவுக்கு அளவு மாற்றியதுதான் காரணம். மல்லித்தழை சட்னிக்கு மணத்தோடு கனத்தையும் தருகிறது. அதன் இளந்தண்டுகூட ருசியாக இருப்பதால் கட்டை அப்படியே அரைக்கலாம். புதினா அப்படியன்று. தண்டை நீக்கி, இலையை மட்டும் ஆய்ந்து, மல்லித்தழை போடும் அளவில் கால் பங்கு எடுத்துக்கொண்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுருள வதக்கினால் கசப்பு பெரிதும் அடங்கும். குறையும் கனத்தைப் பொட்டுக்கடலையும் தேங்காயும் ஈடுசெய்யும். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் பிழியுங்கள். கேரட், பீட்ரூட் துருவலே ஈரம் விடும் என்பதால், சட்னியும் தண்ணீராக இருந்தால் தட்டுவடை வாய்க்குப் போகுமுன் நமத்துவிடும். ஆகவே கெட்டியாகவே அரையுங்கள்.

கேள்வி: பாஸ்தா செய்முறைகளில் ஆரிகானோ என்னும் மண இலையைக் காய்ந்ததாகக் கேட்கிறார்கள். ஏற்காட்டில் எங்கள் வீட்டுத் தொட்டியில் கற்பூரவல்லிதான் இருக்கிறது. அதைப் போடலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: தாராளமாகப் போடலாம். இரண்டும் வேறு வேறு செடிகளானாலும், கார்வக்ரால், தைமால் என்னும் மணப்பொருள்கள் இரண்டிலும் உண்டு. ஓமத்தின் நெடிக்குக் காரணமும் இந்தத் தைமால்தான். ஒரு தேக்கரண்டி காய்ந்த ஆரிகானோவுக்கு இரண்டு நடுத்தர இலைகள் போதும். ஆனால் கற்பூரவல்லி இலை தடிப்பானது, நீர்ச்சத்து மிக்கது, மேலே மென்மயிரும் உண்டு என்பதால், பச்சையாக மேலே தூவினால் நாக்கில் உறுத்தும். பொடியாக நறுக்கி, பூண்டோடு எண்ணெயில் வதக்கி, தக்காளிச் சாற்றில் கொதிக்க விடுங்கள். இலை இல்லாத நாளில் ஒரு சிட்டிகை ஓமத்தைக் கையில் கசக்கிப் போடலாம். அதற்கு மேல் போனால் பாஸ்தாவில் ஓமப்பொடி வாசனை வந்துவிடும்.

பேசில் என்னும் மண இலையைக் கேட்கும் குறிப்புகளுக்கும் இப்படி மணம் ஒத்த இலையையே தேடுங்கள். சப்ஜா விதை தரும் திருநீற்றுப் பச்சிலையும் பேசிலும் ஒரே இனம். ஆகவே அதுவே முதல் தேர்வு. துளசியைப் போட்டால் கிராம்பின் காரநெடி மேலோங்கும்.

கேள்வி: புளிக்குழம்பு தாளிக்கக் கறிவேப்பிலை இல்லாவிட்டால் எதைப் போடுவது?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: எதையும் போட வேண்டாம். பிரிஞ்சி இலை போட்டால் குழம்பு பிரியாணியை நினைவூட்டும். கடுகு, வெந்தயம், பெருங்காயத்தோடு தாளித்து இறக்கிவிடுங்கள்.